கம்ப்யூட்டரில் நான் ஊருக்குப் போயிருந்தேன்

1

சென்ற வாரம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து விநாடிதான் இருக்கும். கம்ப்யூட்டர் இன்று மெதுவாக ஓடுகிறது என்று சிரித்தபடி சொன்னார். அதற்குள் நான் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுவிட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர் தோளைப் பிடித்து, உட்காருகிறீர்களா என்று இந்தியில் கேட்டார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது? மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு திரை நான் இந்த நாட்டில் இல்லை என்று சொல்லிவிட்டது. அதை ஊரில் இருந்தவர்களும் நம்பினார்கள். அந்தக் கதையை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நாட்டின் பெயரை எழுதவில்லை. இன்னும் இங்கேதான் சோறு தின்கிறேன்.

என் பெயர் அடைக்கலசாமி. ஊர் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலை நினைத்து எங்கள் பக்கம் வீட்டுக்கு ஓர் அடைக்கலம் இருப்பார். தாத்தா அடுத்தவர் நிலத்தில் உழுதவர். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர். நான் ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து, வெல்டிங் பழகி, 1996-இல் இங்கே வந்தேன். அடுத்த வருடம் மகள் அமலி பிறந்தாள்.

2

முதல் நாலைந்து வருடம் கடிதமும் கேசட்டும்தான். லீவில் போகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்துவிடுவோம். ஊரில் என் மனைவி ஜெயமேரி அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தன் குரலைப் பதிந்து அனுப்புவாள். பின்னால் கோழி கத்தும், அப்பா இருமுவார், அமலி அழுவாள்.

அந்தக் காலம் உத்தமமானது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கேசட்டுகளில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். வலது முன்கை வெந்து கட்டுப் போட்டிருந்த நாளில்கூட, “நான் நல்லா இருக்கேன், ஏசி ரூமு, கறிச்சோறு” என்றுதான் பேசினேன். அவள் அத்தனையையும் நம்பினாள். பொய் பேசிய காலத்தில் எல்லாரும் நம்பினார்கள் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு அல்ல.

3

2004 ஜனவரியில் எனக்கு லீவு. அமலிக்கு ஈஸ்டர் முடிந்து கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுப்பதாக இருந்தது. அவளுக்கு வெள்ளை கவுனும் அப்பாவுக்கு ஸ்வெட்டரும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஊருக்குப் போக இங்கே ஓர் அனுமதி முத்திரை வாங்க வேண்டும். அதற்குத்தான் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி எண்ணைத் தட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

“இன்த்த மாஃபி” என்றார்.

நீ இல்லை என்று அர்த்தம். ‘மாஃபி’ என்பது இங்கே நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல். தண்ணீர் மாஃபி, பஸ் மாஃபி, சம்பளம் மாஃபி. ஆள் மாஃபி என்பதை அன்றுதான் கேட்டேன். நான் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அவர் திரையைத் தட்டிக் காட்டினார்.

விஷயம் மெல்லத்தான் புரிந்தது. எங்கள் கம்பெனியில் இன்னொரு அடைக்கலசாமி இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், குழாய் போடுகிற பிரிவு. நாலு மாதம் முன்பு கணக்கு முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் போய்விட்டார். அவர் பாஸ்போர்ட் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் கடைசி இலக்கம்தான் வித்தியாசம். யாரோ அவருக்குப் பதிலாக என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தஞ்சாவூரில் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதர் கம்ப்யூட்டர்படி இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

போய்விட்டவனுக்குப் போவதற்கு எப்படி முத்திரை போடுவது? அலுவலகம் கம்பெனியிடம் கடிதம் கேட்டது. கம்பெனி தூதரகத்திடம் கேட்கச் சொன்னது. தூதரகத்தில் என் காகிதங்களைப் பரப்பிவைத்த குமாஸ்தா, “நீர் எந்த ஊர்? பிறப்புச் சான்றிதழில் திருச்சி மாவட்டம், பாஸ்போர்ட்டில் பெரம்பலூர், குடும்ப அட்டையில் அரியலூர். மூன்று ஆளா?” என்று கேட்டார்.

“ஒரே வூடுதாங்க சார். நாங்க நவுரவே இல்ல. மாவட்டத்தத்தான் மாத்தி மாத்தி வெச்சாங்க” என்றேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

4

ஜெயமேரியிடம் போனில் சொன்னேன்.

“எப்ப டிக்கெட்டு?”

“டிக்கெட் இல்ல ஜெயா. கம்ப்யூட்டர்ல நான் ஊருக்கு வந்துட்டேன்னு இருக்கு. அதனால வர முடியல.”

“குடிச்சிருக்கீங்களா?” என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. சொன்ன எனக்கே அது குடிகாரன் பேச்சு மாதிரிதான் இருந்தது.

அவளுடைய அண்ணன் அருள்தாஸ் அரியலூரில் கடை வைத்திருந்தார். முதலில் எஸ்.டி.டி. பூத், பிறகு ஜெராக்ஸ், பிறகு இன்டர்நெட்டும் போட்டோ வேலையும். எங்கள் குடும்பத்தில் மிஷின் தெரிந்த ஒரே ஆள். என் மேல் பாசமான மனிதர் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு உதவி செய்வதற்காகத்தான் அவர் திருச்சியில் ஒரு டிராவல்ஸ்காரரைப் பிடித்து இங்கே விசாரிக்கச் சொன்னார். பத்து நாளில் ஃபேக்ஸில் ஒரு தாள் வந்தது. அதில் என் பெயர், என் பாஸ்போர்ட் எண், நான் இந்த நாட்டை விட்டு வெளியேறிய தேதி, விமான எண் எல்லாம் இருந்தன.

அருள்தாஸ் அடுத்து வீட்டுப் போனைப் பார்த்தார். கூப்பிடுகிறவர் எண்ணைக் காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றை அவர்தான் முந்தைய வருடம் வாங்கி மாட்டியிருந்தார். நான் பேசிய நாளிலெல்லாம் அதில் 022 என்று தொடங்கும் எண் விழுந்திருந்தது. 022 என்றால் பம்பாய் என்பது எஸ்.டி.டி. பூத் வைத்தவருக்குத் தெரியாதா?

நான் பேசியது, கம்பெனி எங்களைத் தங்கவைத்திருந்த கேம்ப் பக்கத்தில் ஒரு கடையிலிருந்து. இன்டர்நெட் வழியாகக் குறுக்கு வழியில் போடுகிற மலிவு போன். அது பம்பாயில் எங்கோ இறங்கி, அங்கிருந்து உள்ளூர் அழைப்பாக ஏலாக்குறிச்சிக்குப் போகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கே அது தெரியாது.

“மாப்ள, எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றார் அருள்தாஸ்.

“இங்கதான் மச்சான் இருக்கேன். கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்திட்டாங்க.”

“அங்க ஒரு மிஷின் நீங்க கெளம்பிட்டீங்கன்னு சொல்லுது. இங்க ஒரு மிஷின் பம்பாய்ன்னு சொல்லுது. ரெண்டுக்கும் ஒங்க மேல என்ன மாப்ள பகை? மனுஷன் பொய் சொல்லுவான். அது எதுக்குச் சொல்லப் போவுது?”

5

அடுத்து வந்த மாதங்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. செல்லாத அட்டையோடு வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். வேலை, கேம்ப், போன் கடை, இவ்வளவுதான் என் உலகம். கம்பெனியில் அரசாங்கக் காகிதங்களைப் பார்க்கிறவர் ‘புக்ரா’ என்பார். நாளை என்று அர்த்தம். புக்ராவை எண்ணுவதை ஏப்ரலோடு விட்டுவிட்டேன்.

கடிதம் போட்டேன். வெளிநாட்டு ஸ்டாம்பும் முத்திரையும் இருந்தன. பம்பாயிலிருந்து இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்லியிருப்பேன் என்றார்களாம். இங்கே கம்பெனி வாசலில் அரபியில் எழுதிய பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினேன். அருள்தாஸ் சண்டையே போடவில்லை. கடையில் ஜெயமேரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் அவள் படத்தை எடுத்துப் பனிமலைக்கு முன்னால் ஒட்டிக் காட்டினாராம். கல்யாண ஆல்பத்துக்கு அவர் தினமும் செய்கிற வேலை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலியோடு பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஏதோ கேட்க, நான் ரிசீவரைப் பொத்தாமல் “மாஃபி, மாஃபி” என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

“மாஃபி யாருப்பா?” என்றாள் அமலி.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் ரிசீவரை யாரோ அவளிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து பம்பாயில் எனக்கு ஒரு பெண் உண்டானாள். அவளுக்குப் பெயரும் கிடைத்துவிட்டது.

புதுநன்மை முடிந்த வாரம், கேமரா வைத்துப் பேசலாம் என்று ஜெயமேரியே சொல்லி அனுப்பினாள். அவள் அரியலூரில் அண்ணன் கடையில். நான் இங்கே போன் கடையில், பலகை அடித்த ஒரு கூண்டுக்குள். திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக வந்து நின்றது. இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“இது எந்த எடங்க?”

“போன் கட, ஜெயா. கேம்புக்குப் பக்கத்துல.”

“பலகதான் தெரியுது. வெளிய காட்டுங்க. தெருவக் காட்டுங்க. ஒரு தடவ பாத்துட்டா போதும், நான் யாரு சொல்றதையும் கேக்க மாட்டேன்.”

கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கூண்டுக் கதவைத் தாண்டி ஓரடி வைத்தால் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே மண் படிந்த தெரு, அரபிப் பலகைகள், லாரிகள் எல்லாம் இருந்தன. வயர் அவ்வளவு நீளம் இல்லை. எட்டி நீட்டினேன். பின்னால் சொருகியிருந்தது கழன்றுவிட்டது. திரும்பி ஓடிவந்து பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. கடைக்காரர் எவ்வளவோ முயன்றும் லைன் மறுபடி கிடைக்கவில்லை.

நான் வேண்டுமென்றே அறுத்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

6

எனக்கு அடுத்த கட்டிலில் படுப்பவர் பஷீர். லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஜூனில் அவர் லீவில் போனார். போன மூன்றாம் நாளே பஸ் மாறி ஏலாக்குறிச்சிக்குப் போய் ஜெயமேரியைப் பார்த்திருக்கிறார்.

“நீங்க கண்ணால பாத்தீங்களா பாய்?” என்று கேட்டிருக்கிறாள்.

“என்னம்மா தங்கச்சி, ஒரே ரூமுல படுக்குறோம். போன வாரம்கூட அவன்தான் எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தான். அல்லா அறிய சொல்றேன்.”

அவள் அழுதிருக்கிறாள். நம்புகிற பக்கம் வந்துவிட்டாள் என்றுதான் பஷீருக்குத் தோன்றியது. அப்போது அருள்தாஸ் வந்து ஃபேக்ஸில் வந்த அந்தத் தாளை நீட்டியிருக்கிறார். பஷீர் அதை வாங்கி இரண்டு முறை படித்திருக்கிறார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்த பிறகு எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. கேட்டேன்.

“கோவிச்சுக்காத அடைக்கலம். தேதி, பிளைட்டு நம்பர், ஒன் பேரு எல்லாம் அச்சுல இருந்துச்சா... எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. செப்டம்பர்ல நீ ரூமுல இருந்தியான்னு யோசிச்சுப் பாத்தேன்.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று வேலைக்குப் போய் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெல்டிங் வைக்கும்போது, நெருப்புக்கு முன்னால் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை இருந்தது. அவ்வளவுதான் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

அப்பா ஒருவர்தான் என்னிடம் எதையும் கேட்டதில்லை. “எங்க இருந்தா என்னடா, ஒடம்பப் பாத்துக்க” என்பார். முதலில் அது ஆறுதலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. அவரும் என்னை நம்பவில்லை. மன்னித்துவிட்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

7

ஆகஸ்டில் ஒரு காலை, கம்பெனி ஆபீசுக்கு அருள்தாஸ் போன் செய்தார். நான் கொடுத்திருந்த எண் அது. அந்த எண்ணில் கூப்பிட்டு என்னைப் பிடிக்க முடிந்தது என்பதையே அவர் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். நாட்டின் எண்ணைத் தானே தன் கையால் அழுத்தினார். ஆனால் அங்கிருந்து பம்பாய்க்குத் திருப்பிவிடுகிற வசதி இருக்கிறது என்று அவர் படித்திருந்தார்.

“மாப்ள, அப்பா காலைல போயிட்டாரு. நெஞ்சுவலி. ஐஸ் பெட்டில வெச்சிருக்கோம்.”

ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

“அழுவாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. பம்பாய்லேருந்து மெட்ராஸுக்கு பிளைட்டு புடிங்க. ஏர்போர்ட்டுக்கு நானே கார் எடுத்துட்டு வரேன். நாளைக்குக் காலைலதான் எடுக்குறோம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஜெயாகிட்டயும் சொல்லிட்டேன். எல்லாத்தையும் அப்பறம் பாத்துக்கலாம். வந்து மண்ணு மட்டும் போட்டுட்டுப் போங்க.”

“மச்சான், நான் பம்பாய்ல இல்ல.”

போனில் ஒப்பாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னிக்குமா மாப்ள?”

அதட்டவில்லை. அவர் குரல் உடைந்திருந்தது. என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மதியம் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். அட்டை செல்லாதது, போலீஸ் பிடிக்கும் என்ற எதுவும் நினைவில் இல்லை. கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு தமிழிலேயே கத்தினேன். என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள், சிறையில் வைத்தாலாவது நான் இங்கே இருந்ததாக எழுதுவீர்களே என்று கத்தினேன். இரண்டு காவலர்கள் வந்து, அடிக்காமல், தண்ணீர் கொடுத்து வெளியே உட்காரவைத்தார்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

8

2005 பிப்ரவரியில் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்தார். இரண்டு அடைக்கலசாமிகளின் பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏதோ தட்டினார். “கலாஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

மார்ச்சில் ஊருக்குப் போனேன். ஜெயமேரி அரியலூருக்கே வந்துவிட்டிருந்தாள். அண்ணன் கடையில் ஜெராக்ஸ் மிஷின் அவள் பொறுப்பு. கடை வாசலில் போய் நின்றேன். பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதில் இங்கிருந்து கிளம்பிய புது முத்திரை, தேதி எல்லாம் இருந்தன, தாளில் இருந்த பழைய தேதிக்கு முத்திரை இல்லை. அருள்தாஸ் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெயமேரி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க பொய் சொல்லலன்னு இப்பத் தெரியுது. சரி. ஆனா நீங்க இன்னொருத்தியோட இருக்கீங்கன்னு நெனச்சு நான் ஒரு வருஷமா அழுதேனே, அது நெசமா அழுத அழுவதானுங்களே? அதை எங்க கொண்டு போய்க் கொட்டுறது?”

கேசட்டில் நான் பொய் பேசிய நாட்களில் எங்களுக்குள் ஒரு குடும்பம் இருந்தது. உண்மை முத்திரையோடு வந்து நின்றபோது அது இல்லை. நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறோம். லீவுக்குப் போனால் சோறு போடுகிறாள், துணி துவைத்து வைக்கிறாள், ஞாயிறு பூசைக்குக் கூட வருகிறாள். நான் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்பாவின் அடக்கத்தை அருள்தாஸ் வீடியோ எடுத்து சிடியாகப் போட்டு வைத்திருந்தார். எனக்காகத்தான் எடுத்தேன் என்றார். தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியில் அப்பா. மூக்கில் பஞ்சு. கேமரா மெல்லத் திரும்புகிறது. கூட்டத்தில் ஒரு கிழவி அமலியிடம், “ஒங்கப்பன் வரலையா பாப்பா?” என்று கேட்கிறாள். அமலி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.

“அப்பா பம்பாய்ல இருக்காங்க. வர மாட்டாங்க.”

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தெளிவாக, சத்தமாகச் சொல்கிறாள்.

அந்த இடத்தை வெட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை என்று அருள்தாஸ் சொன்னார். ஆனால் சிடி அதற்குள் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் போய்விட்டது. ரஞ்சன்குடியில் அத்தை வீட்டில், திருச்சியில் சித்தப்பா வீட்டில், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் போட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் எல்லாரும் செத்த பிறகும் அந்தத் தட்டு இருக்கும். அதில் நான் பம்பாயில் இருப்பேன்.

இந்த ஆகஸ்டில் அப்பாவின் நினைவு நாளுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து சாப்பாடு ஆனபின், யாரோ சிடியைப் போடச் சொன்னார்கள். வீடு நிறைய ஆட்கள். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன், வழியில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அமலிக்கு இப்போது பத்து வயது. என்னிடம் அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ரிமோட் அவள் கையில் இருந்தது.

அப்பா வந்தார். பெட்டி, மாலை, பாட்டு. கேமரா திரும்பத் தொடங்கியது. கிழவி வாய் திறப்பதற்கு முன்பே அமலி கட்டைவிரலை அழுத்தினாள். சத்தம் குறைந்து குறைந்து அடங்கியது. திரையில் ஏழு வயது அமலியின் வாய் அசைந்து நின்றது. கேமரா நகர்ந்து கல்லறைத் தோட்டத்துக் கதவைக் காட்டியபோது சத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது.